கதவோரத்துப் பை

அக்கா,

காலையில் கைபேசியில் பலத்த காற்று எச்சரிக்கை வந்தது. கதவோரக் கொக்கியில் தொங்கும் உங்கள் பையை எடுத்துத் திறந்தேன். குப்பென்று பாச்சா உருண்டை வாசம். பழைய பிஸ்கட்டை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தேன். நீங்கள் இருந்திருந்தால், "இப்ப விளங்குதோ?" என்று சிரித்திருப்பீர்கள்.

இந்தப் பையை எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறேன்! லண்டன் மிட்சம் பகுதியில் உங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த புதிதில், பாஸ்போர்ட், ஊர் நிலத்தின் காணி உறுதிப் பத்திரம், டார்ச், பிஸ்கட் எல்லாவற்றையும் ஒரே பையில் திணித்து வாசலில் வைத்திருந்ததைப் பார்த்து, "லண்டன்ல யாரு அக்கா உங்கள விரட்டப் போறாங்க?" என்று கேட்டேன். "ஓடிப் பழகின ஆக்கள் நாங்கள். நீர் சிரியும்," என்றீர்கள். மதுரைக்காரியான நான் சிரிக்கத்தான் செய்தேன்.

பிறகு அந்த டிசம்பர் காலை. விமானம் தாழப் பறப்பதுபோல் ஓர் இரைச்சல். ஒரு நிமிடம்கூட இருக்காது. சுழன்று வந்த காற்றில் எங்கள் புகைபோக்கி சரிந்து கூரையைத் துளைத்தது. ஓடுகளும் செங்கற்களும் மாடிப்படியெல்லாம் கொட்டிக் கிடந்தன. மேலே கட்டிலில் என் இரண்டு வயது மகள் வீறிட்டாள். கீழே நின்ற எனக்குக் கால் எழவில்லை. பெற்றவள் நான், கத்தினேனே தவிர ஒரு படி ஏறவில்லை. இதை எழுத இன்றும் கூசுகிறது.

நீங்கள் அதற்குள் பையோடு தெருவுக்கு ஓடிவந்திருந்தீர்கள். என் குரல் கேட்டதும் உள்ளே வந்தீர்கள். மூட்டுவலியோடு அந்த இடிபாட்டின்மேல் தவழ்ந்து ஏறினீர்கள். அவளை மார்போடு அணைத்தபடி இறங்கி, "ஒண்டுமில்லை, காயமில்லை. பிடியும்," என்று என்னிடம் தந்தீர்கள்.

மாலையில் தெருவே தேவாலய மண்டபத்தில் இருந்தது. இன்னும் சில ஊர்களிலும் இப்படியே சுழன்றடித்ததாக டிவியில் சொன்னார்கள். யாரோ உங்கள் பையைத் தெருவிலிருந்து எடுத்துவந்தார்கள், மழைநீர் சொட்டச் சொட்ட. ஹீட்டர்மேல் ஒவ்வொரு தாளாகக் காயவைத்தோம். பாஸ்போர்ட் பிழைத்தது, உறுதி பிழைத்தது. சின்னப் புகைப்படம் ஒன்று மட்டும் வெளுத்துப்போய், சட்டைக் காலர்தான் மிஞ்சியது.

போரில் காணாமல்போன உங்கள் தம்பி. அவருடைய ஒரே படம். அதை உங்கள் மகன்தான் சொன்னான். நான் அழுதுகொண்டே, "ஏன்க்கா பையை ரோட்டுல போட்டீங்க?" என்றேன்.

"பிள்ளையைத் தூக்க ரெண்டு கையும் வேணுமெல்லே," என்றீர்கள்.

நம் இரண்டு வீட்டுக்கும் கூரை போட எட்டு மாதம் ஆனது. அதுவரை விடுதியில் பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்தோம். உங்கள் சொதியும் என் ரசமும் ஒரே அடுப்பில் கொதித்தன. அந்தப் படத்தைப் பற்றி நீங்கள் ஒருமுறைகூடப் பேசவில்லை. எனக்குத்தான் இன்னும் மனம் ஆறவில்லை.

நீங்கள் கண்மூடியபின் உங்கள் மகன் பையை என்னிடம் கொடுத்துவிட்டான். இன்று என் மகள் அந்தப் படத்தை எடுத்து, "யாரும்மா இது? முகமே இல்லையே," என்றாள். அவளுக்கு இப்போது பதினொரு வயது. "உன் மாமா," என்று சொல்லி, முழுக் கதையையும் சொன்னேன். நான் படியேறாமல் நின்றதையும் சேர்த்து.

பிறகு தையல் மெஷினை எடுத்தேன். பையின் குட்டைக் கைப்பிடியை வெட்டிவிட்டு, தோளில் குறுக்காக மாட்டிக்கொள்ள நீளமான வார் தைத்திருக்கிறேன். இனி இரண்டு கையும் சும்மாதான் இருக்கும், அக்கா.