படகு உடைந்தவருக்கான விதி

மயிலாப்பூர்
5.6.1994

அன்புள்ள ஜெனிதா,

கல்லூரியில் என் பக்கத்தில் உட்கார்ந்த பாவத்துக்கு இந்தப் பார்சல் உனக்கு. மூன்று மாதமாக ராப்பகலாய் நான் உருவாக்கிய ஆட்டம் இது. அட்டைதான் கடல், பொத்தான்கள் படகுகள். பகடையும் மீன் சீட்டுகளும் உள்ளே இருக்கின்றன. முதலில் இருபது மீன் சேர்ப்பவருக்கு வெற்றி. விதிகளைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன்.

வீட்டில் எல்லோருமாக ஆடிப் பார்த்துவிட்டு எழுது. ஒரு நிபந்தனை: சந்தேகம் வந்தால் என்னைக் கேட்கக் கூடாது. கடையில் வாங்குகிறவர்களுக்கு விளக்கம் சொல்லப் பெட்டிக்குள் நானா உட்கார்ந்திருப்பேன்?

தி.நகரில் ஒரு பொம்மைக் கம்பெனி மானேஜர் ஆகஸ்டில் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். பதினோரு வருடமாகப் பள்ளியில் யாரோ எழுதிய கணக்குப் புத்தகத்தையே நடத்துகிறேன். நானே செய்தது என்று ஒன்றாவது கடைக்கு வர வேண்டும், ஜெனி. பயமாக இருக்கிறது.

அம்மாவை மிகவும் விசாரித்ததாகச் சொல்.

உன் தொல்லை,
நீரஜா

*

ஊரூர் குப்பம்
19.6.1994

அன்பு நீரஜா,

கேட்காதே என்றாய், கேட்கவில்லை. திட்டாமல் மட்டும் இருக்க முடியாது. இரண்டு முறை புயலில் சிக்கினால் படகு உடையும் என்று எழுதிய மகராசி, உடைந்த பிறகு என்ன செய்வது என்று எழுதவே இல்லையே!

முதலில் உடைந்தது என் அம்மாவின் படகு. "அவ்ளோதான், எழுந்துரு" என்று சிரித்தான் தம்பி பிரபாகர். முப்பது வருடமாகக் கூடை சுமந்து மீன் விற்கும் தேசம்மாவிடம் இதைச் சொல்லலாமா?

"படகுதான ஒடஞ்சுது, நானா ஒடஞ்சேன்? நவுரு, உன் படகுல ஏறிக்கிறேன். வலைய நானும் இழுக்கறேன், பங்கு குடு" என்றது.

இங்கே கடலில் நடப்பதும் அதுதான். மூன்று மீனுக்கு ஒன்று என்று பேரம் முடிந்தது. பிறகு யார் படகில் மீன் அதிகம் விழுகிறதோ அதற்கு மாறி மாறி ஏறி, கடைசியில் அம்மாதான் ஜெயித்தது! சோறு ஆறிப்போனதுகூட யாருக்கும் தெரியவில்லை.

ஜெனிதா

*

மயிலாப்பூர்
3.7.1994

ஜெனி,

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உன் கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. படகு உடைந்தவர் வெளியேற வேண்டும் என்பதுதான் என் விதி. எழுத மறந்துவிட்டேன், அவ்வளவுதான். அதை உன் அம்மா திருத்துவதா என்று வீம்பாக வீட்டில் என் விதிப்படியே ஆடிக் காட்டினேன்.

பத்தாவது நிமிடத்தில் என் வீட்டுக்காரர் கிரீஷின் படகு போனது. "நான்தான் அவுட்டாச்சே, இன்னும் எதுக்கு உக்காந்துண்டிருக்கணும்?" என்று பேப்பரோடு எழுந்து போய்விட்டார். அடுத்து நாத்தனார் ஹம்சினியும் போனாள். வெற்றி பெற்ற நான் தனியாக உட்கார்ந்து சீட்டுகளை அடுக்கினேன்.

மறுநாள் உன் அம்மாவின் விதிப்படி ஆடினோம். கிரீஷுக்கு இரண்டு முறை காப்பி சூடு பண்ண வேண்டியிருந்தது, மனிதர் எழுந்தால்தானே!

எத்தனை தாள் கிழித்தேன் தெரியுமா? அந்த அம்மாளுக்கு ஒரே நொடி. பொறாமையாக இருக்கிறது, அதைவிடப் பெருமையாக இருக்கிறது. எட்டாவது விதியாக எழுதிவிட்டேன். பெட்டியில் 'நீரஜா, தேசம்மா' என்று இரண்டு பெயர் இருக்கும்.

நீரஜா

*

மயிலாப்பூர்
17.8.1994

ஜெனி,

மானேஜர் ஆடிப் பார்த்தார். எல்லாம் பிடித்திருக்கிறதாம். "ஒடஞ்சவன் வெளில போகாத ஆட்டத்துல விறுவிறுப்பு ஏது? எட்டாவது விதிய எடுத்துடுங்க, தீபாவளிக்குப் போட்டுடலாம்" என்றார்.

சரி என்று சொல்ல வாய் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். ஆனால் அது இல்லாமல் அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது? முடியாது என்று சொல்லிப் பெட்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வெளியே பாண்டி பஜாரில், பூக்காரி பார்க்கப் பார்க்க, குழந்தை மாதிரி அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா? விதி சொல்ல இல்லை, ஆட.

நீரஜா

*

ஊரூர் குப்பம்
19.8.1994

அன்பு நீரஜா,

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மீன் கூடையைக் கழுவிக்கொண்டே கேட்டது. கம்பெனிக்காரரைத் திட்டியதை எழுத மாட்டேன், தபால்காரர் படித்தாலும் படிப்பார்.

நீ அனுப்பிய அட்டை நைந்துவிட்டது. எங்களைக் கேட்டுக் கேட்டு வாங்கிப் போய்த் தெருவே ஆடிவிட்டது. பிரபாகர் மீன் பெட்டிப் பலகையில் புதிதாக வரைந்திருக்கிறான். ஓரத்தில் உன் பெயரும் அம்மா பெயரும் இருக்கின்றன. அம்மா எழுத்துக் கூட்டி இரண்டையும் படித்தது.

நீ அழுததைச் சொன்னபோதுதான் நிமிர்ந்து பார்த்தது. சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"டீச்சர வரச் சொல்லு. என் படகுல எடம் கீது, பங்கும் கீது. ஆனா சும்மா குந்திக்கினு வரக்கூடாது, வலைய இழுக்கணும்."

ஜெனிதா