புது வண்டியின் ஆக்ஸிலேட்டர் விஷயமாக

தாராவி, மும்பை – 17
புதன்கிழமை, காலை

அன்புள்ள அத்தானுக்கு,

பிரபாவதி எழுதிக்கொள்வது. உங்கள் உடம்பு நலமா என்பதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். எழுத எழுத, கேட்கிற மனநிலை போய்விடும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். இந்த விஷயத்தைப் போனில் மூன்று தடவை ஆரம்பித்தேன். மூன்று தடவையும் தோஹாவில் சிக்னல் போய்விட்டது. அத்தையோடு நாற்பது நிமிஷம் பேசும்போது அதே டவர் நன்றாகத்தான் வேலை செய்கிறது. எதிர்ப் பட்டறை இனாயத்துல்லா பாயின் மகள் உமைரா நாளை மறுநாள் அங்கே தன் வீட்டுக்காரரிடம் போகிறாள். அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். காகிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது.

மூன்று வாரம் முன்பு குடும்ப குரூப்பில் நீங்கள் போட்டது இது: "வண்டிச் சாவியை சுதனிடம் கொடுக்கவும். பிரபாவுக்குப் புது வண்டி செட் ஆகவில்லை." பதினேழு பேர் கட்டைவிரல் தூக்கினார்கள். ஒன்பது வருஷமாக இந்த வீட்டு இட்லி மாவை மாட்டுங்கா, செம்பூர், அணுசக்தி நகர், பாண்டுப் என்று கொண்டுபோய்ச் சேர்த்தவள் நான். அந்த ஒன்பது வருஷத்துக்கு ஒருவரும் விரல் தூக்கியதாக நினைவில்லை.

நடந்ததை எழுதுகிறேன். இது குரூப்பில் வராத பிரதி.

பழைய பிக்கப்பின் ஆக்ஸிலேட்டர் உங்களுக்குத் தெரியும். சர்க்கார் ஆபீஸ் ஃபைல் மாதிரி. முழு பலத்தோடு அழுத்தினால் சற்று யோசித்துவிட்டு நகரும். நீங்கள் அங்கிருந்தபடியே யாரையும் கேட்காமல் புக் செய்த புது வண்டி அப்படி இல்லை. கட்சி மாறத் தயாராக இருக்கும் கவுன்சிலர் மாதிரி, ஒரு சின்ன சைகை போதும், பாய்ந்து வந்துவிடும்.

பூஜை அன்று நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. சுதனுக்குப் பேசியிருக்கும் ஷர்மிளாவும் அவள் வீட்டாரும் பாண்டுப்பிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வண்டி எடுக்கும் அழகை அவர்கள் பார்க்க வேண்டும் என்பது அத்தையின் ஏற்பாடு. அவர்கள் நைன்ட்டி ஃபீட் ரோட்டில் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டார்கள். நல்ல நேரம் முடியப்போகிறது என்று பூசாரி அவசரப்படுத்தினார். நான் சாமி படத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து சீட்டில் இருந்தேன். லேசாகத் தொட்டால் போதும் என்று சொன்னேன். "நீங்க ஒம்போது வருசம் ஓட்டுனதும் வண்டிதான், இதுவும் வண்டிதான் அண்ணி" என்றான் உங்கள் தம்பி. பழைய வண்டியை மிதிக்கிற மிதியில் மிதித்தான். எலுமிச்சம்பழம் நசுங்கிய சத்தமும் பாயின் பட்டறை ஷட்டர் நசுங்கிய சத்தமும் ஒன்றாகக் கேட்டன. என் நெற்றி டேஷ்போர்டில் மோதியது. சாமி படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் படத்தைத்தான் வாங்கிப் பார்த்தார்கள்.

பெண் வீட்டார் சந்து முனையில் தெரிந்ததும் அத்தை சுதனை இறக்கி நிறுத்திவிட்டு என் காதில் சொன்னார்கள்: "நீ ஓட்டுனேன்னு சொல்லிரு தாயி. ஒரு மணி நேரந்தான். அவுக போனதும் சரியாயிரும். பொம்பள இடிச்சான்னா யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாக."

நான் சம்மதித்தேன். அது என் தப்பு. அதில் யாருக்கும் பங்கு தருவதாக இல்லை. ஷர்மிளாவின் அப்பா என்னைப் பார்த்து, லேடீஸ் என்றால் கொஞ்சம் பதற்றம் இருக்கத்தான் செய்யும் என்று ஆறுதல் சொன்னார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு சிரித்தேன். அவர்கள் காபி குடித்துவிட்டுப் போனார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று, ஒரு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் உங்கள் உத்தரவு வந்தது. உங்களிடம் சொன்னவர்கள் பொய் சொன்னதாகவே நினைக்கவில்லை. அதற்குள் அவர்களே அதை நம்பிவிட்டார்கள். சரித்திரப் புத்தகங்கள் எழுத இதைவிட அதிக நாள் தேவைப்படாது என்று தெரிந்துகொண்டேன்.

சுதன் சாவியை வாங்கிய அன்று நடந்ததையும் உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பொங்கி நிற்கும் மாவை டிரம்மில் இறுக மூட முடியாது, மூடியைத் தள்ளிவிடும். மூடாவிட்டால் வண்டி குலுங்கக் கூடாது, பொங்கியது அமுங்கிவிடும். மாட்டுங்கா போய்ச் சேர்வதற்குள் பாதி மாவு வண்டித் தளத்தில் இருந்தது. மீதி, சிமென்ட் மாதிரி உட்கார்ந்துவிட்டது. மெஸ் வேங்கடசுப்ரமணியன் கோபப்படுகிற மனிதர் இல்லை. "இன்னிக்கு இட்லியைத் தட்டுலேர்ந்து எடுக்கவே முடியலை. நாளைக்கு நீங்களே வந்துடுங்கோம்மா" என்று மட்டும் போனில் சொன்னார்.

மறுநாளிலிருந்து நானே ஓட்டினேன். குரூப்பில் மட்டும் சுதன் ஓட்டினான்.

அந்த மிதி எனக்கும் உடனே படியவில்லை. மூன்றாம் நாள் சயான் சிக்னலில் முன்னால் நின்ற டாக்ஸியை முட்டப்போய் நின்றேன். டிரைவர் இறங்கி வந்து ஹிந்தியில் நம் குடும்பத்தார் ஒவ்வொருவரையும் விசாரித்துவிட்டுப் போனார். பிறகு செருப்பைக் கழற்றினேன். குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொண்டு பெருவிரலால் மட்டும் தொட்டேன். கிளட்ச் விட்டு வண்டி தானாக நகர்ந்த பிறகுதான் ஆக்ஸிலேட்டர் பக்கம் போவது. குழி வருவதற்கு முன்பே விரலை எடுத்துவிடுவது, இல்லாவிட்டால் நம் கால் துள்ள, அதற்கு வண்டி துள்ளும். பத்தாவது நாள் செம்பூரில் டிரம்மைத் திறந்தேன். மாவு வீட்டில் பொங்கியிருந்த மேட்டோடு அப்படியே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன். சொல்லிக்கொள்ள ஆள் இல்லை.

இனிமேல்தான் நம் குடும்பத்தின் திறமை. பாண்டுப்பில் ஷர்மிளாவின் அப்பாவுடைய மளிகைக் கடை நம் வாடிக்கையாளர்கள் இருக்கும் அதே தெருவில். மாப்பிள்ளை பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனால் என்ன நினைப்பார்கள்? அதனால் தெரு முனையில் நான் இறங்கி இந்தப் பக்கம் வருவேன், சுதன் இறங்கி அந்தப் பக்கம் போவான். இருநூறு அடி அவன் ஓட்டுவான். அடுத்த முனையில் மறுபடி மாறுவோம். நாட்டு எல்லையில் காவல் மாறுவதுபோல் இரண்டு வாரம் தவறாமல் நடந்தது. தெருவில் வெற்றிலை விற்கும் கிழவர் எங்களைப் பார்த்ததும் மணி சரி பார்ப்பார்.

நேற்று முன்தினம், திங்கட்கிழமை, அந்த இருநூறு அடியில் ஒரு பெண் கைக்குழந்தையோடு குறுக்கே வந்தாள். உங்கள் தம்பி கடையில் ஷர்மிளா நிற்கிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தான். நின்றிருந்தாள். இவன் கை தூக்கினான், கால் அழுத்தியது. வண்டி பாய்ந்தது. நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். வண்டி நின்றபோது அந்தப் பெண்ணின் துப்பட்டா நம் பம்பர்மேல் கிடந்தது. அவள் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தை அழவில்லை. அது அழுகிற வரைக்கும் எனக்கு மூச்சு வரவில்லை.

ஷர்மிளாவின் அப்பா ஓடிவந்து என்ன ஆயிற்று என்றார். சுதன் சொன்ன பதிலை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன்: "அண்ணி பயந்துபோய் பிரேக்க இழுத்துட்டாங்க மாமா. அதான் குலுங்கிருச்சு."

அத்தான், அதற்கு மேல் என்னால் குடும்பத்தைக் காப்பாற்ற முடியவில்லை. நடுத்தெருவில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பூஜை, ஷட்டர், தெரு முனையில் சீட் மாறுவது, எல்லாம். குரல் உயர்த்தவில்லை. தெருவே அமைதியாக இருந்ததால் உயர்த்த வேண்டிய அவசியம் வரவில்லை. ஷர்மிளா வந்து, "எனக்கு பூஜை அன்னைக்கே தெரியும்பா. வண்டி சீட்டு அவ்ளோ பின்னாடி தள்ளியிருந்துச்சு. அந்த அக்கா உக்காந்தா கால் எட்டாது" என்றாள். பிறகு சுதனைப் பார்த்து, நிச்சயதார்த்தத்துக்கு ரயிலில் வந்தால் போதும் என்றாள். அவ்வளவுதான். சம்பந்தம் முறியவில்லை. எதைக் காப்பாற்ற என் பெயரை மூன்று வாரம் ரோட்டில் போட்டு மிதித்தீர்களோ, அதற்கு அந்த மிதி தேவையே இருந்திருக்கவில்லை.

அத்தை திங்கட்கிழமையிலிருந்து என்னிடம் பேசவில்லை. மாமா யாரும் பார்க்காத நேரத்தில் என் தட்டில் ஒரு கரண்டி சாம்பார் அதிகம் ஊற்றினார். அவரால் எடுக்க முடிந்த கட்சி அதுதான். பாய் ஷட்டருக்கு வருத்தப்படவில்லை. அன்று பார்த்ததை வாயைத் திறந்து சொல்லாமல் இருந்துவிட்டேனே தங்கச்சி என்றுதான் வருத்தப்பட்டார்.

சாவி என்னிடம் இருக்கிறது. உங்கள் அடுத்த உத்தரவு எதுவானாலும் என்னிடம்தான் இருக்கும். அடுத்த தடவை அந்தத் துப்பட்டாவோடு நிற்காது என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. குரூப்பில் பூஜை அன்று ஓட்டியது யார் என்று நீங்களே எழுத வேண்டும். நான் எழுதினால் அது சண்டை என்று பேர் வாங்கும்.

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பிரேக்கை இழுத்ததில் வலது மணிக்கட்டு பிசகிவிட்டது. கட்டுப் போட்டிருக்கிறார்கள். பத்து நாள் ஸ்டியரிங் பிடிக்கக் கூடாதாம். அதுவரை பாய் தன் வண்டியில் மாவை அனுப்புகிறார். பதினொன்றாம் நாள் நான் ஓட்டுவேன்.

அங்கே வெயில் இன்னும் தணியவில்லை என்று உமைரா சொன்னாள். தலையில் துணி இல்லாமல் வெளியே நிற்காதீர்கள். இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் செய்யுங்கள், அத்தைக்கு அல்ல. பம்பரைப் பற்றிக் கடைசியில் கேட்கலாம். முதலில் எதைக் கேட்க வேண்டும் என்று நான் சொல்லித் தருவதாக இல்லை. உங்களுக்கு வாழ்க்கைப்பட்டுப் பதினாலு வருஷம் ஆகிறது.

இப்படிக்கு,
பிரபாவதி