விலா எலும்பின் சத்தம்

பருத்திப்பட்டு, ஆவடி
8.2.1993

பிரியமுள்ள அவருக்கு, ஞானகுமாரி எழுதுவது. நீங்கள் மஸ்கட் போய்ச் சேர்ந்த சேதி உங்கள் சிநேகிதர் செபாஸ்டியன் அண்ணன் சொல்லித்தான் தெரியும். எனக்கு ஒரு வரி போட்டிருக்கலாம்.

லூபஸ் நோய் அடங்கித்தான் இருக்கிறது. ஆனால் அதற்காக ஆறு வருடம் தின்ற ஸ்டீராய்டு மாத்திரை எலும்பைக் கரைத்துவிட்டதாம். எக்ஸ்ரேயில் முதுகெலும்பு இரண்டு இடத்தில் நசுங்கியிருக்கிறது. "முப்பத்தாறு வயசுல எழுபது வயசு எலும்பும்மா" என்றார் டாக்டர். மாத்திரையை நானாக நிறுத்தக்கூடாதாம். கூடவே கால்சியம் கொடுத்திருக்கிறார். உயரம் குறைந்து, புடவை தரையில் புரள்கிறது.

ஒன்று கேட்கிறேன். இப்போது வந்திருந்த முப்பது நாள் லீவில் ஒரு தடவைகூட நீங்கள் என்னைத் தொடவில்லை. முன்ரூமில் தனியாகப் படுத்துக்கொண்டீர்கள். மாத்திரையால் என் முகம் வீங்கிப்போனதாலா?

உங்கள்
ஞானம்


மஸ்கட்
1.3.1993

அன்புள்ள ஞானத்துக்கு,

முகத்தைப் பற்றி இனி எழுதாதே. இரண்டு வருடத்துக்கு முன் ஏர்போர்ட்டில் உன்னைக் கட்டிப்பிடித்தபோது ஒரு சத்தம் கேட்டது. விலா எலும்பு முறிந்ததாகப் பிறகு எழுதினாய். அந்தச் சத்தம் என்னை விட்டுப் போகவில்லை. இந்தத் தடவை எத்தனையோ முறை உன் பக்கத்தில் வந்தேன். தொடாமலே முன்ரூமுக்குத் திரும்பிவிட்டேன்.

குடம் தூக்காதே. படுத்தே இரு. இங்கே இன்னும் மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். தூரத்தில் இருந்தால் என்னால் உனக்கு ஒன்றும் ஆகாது.

அருள்தாஸ்


பருத்திப்பட்டு, ஆவடி
20.6.1993

அன்புள்ளவருக்கு,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

அந்த விலா ஒன்றரை மாதத்தில் கூடிவிட்டது. அதையும் அப்போதே எழுதியிருந்தேன்.

படுத்தே கிடந்தால் எலும்பு இன்னும் கரையும் என்கிறார் டாக்டர். நடக்கச் சொல்கிறார். பக்கத்து வீட்டு ஜரினா அக்கா தினமும் காலையில் வந்து, "இன்னாம்மா, இன்னும் படுத்துகினு கீறே? எந்திரி" என்று என் கையைப் பிடித்துக்கொள்கிறார். ஏரிக்கரை போய்த் திரும்பும்வரை விடுவதில்லை. முதல் நாள் எனக்கு அழுகை வந்துவிட்டது. "வலிக்குதா?" என்று பதறினார். இல்லை என்றேன். வேறென்ன சொல்வது?

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் பயந்ததை இத்தனை நாள் நான் அருவருப்பு என்று நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

மூன்று வருடம் கழித்து மறுபடி கையெழுத்துக் கேட்பார்கள். அங்கே இருக்கப் பிடித்திருந்தால் போடுங்கள். எனக்காக என்று சொல்லிப் போடாதீர்கள். அதுவரை கடிதம் வேண்டாம்.

ஞானகுமாரி