துரை காருக்கு மடக்கிய குடை

அன்புள்ள ராக்கம்மாவுக்கு,

குன்னூர், ஊட்டி எல்லாம் காட்டுகிறேன் என்று வாடகைக் காரில் உன்னைக் கூட்டிப் போனேன். மூன்று நாள் நன்றாகத்தான் இருந்தது.

கேத்தி வளைவில் கார் சூடாகி நின்றபோது நல்ல மழை. உனக்குக் குடை பிடித்திருந்தேன். எங்கள் எஸ்டேட் துரையின் கார் வந்தது. துரை எதிரே நாங்கள் யாரும் குடை பிடிக்கக் கூடாது. எட்டு வருடப் பழக்கம். சட்டென்று மடக்கினேன். செருப்பைக் கழற்றினேன். உன்னையும் கழற்றச் சொன்னேன்.

கார் போனபின், நனைந்தபடியே நீ சொன்னாய்: "ஏனுங்க, பின்னாடி சீட்டுல நாய்தானுங்க இருந்துச்சு."

நீ அம்மா வீட்டுக்குப் போய் ஒரு மாதமாகிறது.

திரும்பி வா. மஞ்சூரில் பஸ் நிற்கும் இடத்தில் குடையோடு நிற்பேன். இனி மடக்கமாட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். என் கைமேல் எனக்கு நம்பிக்கையில்லை. குடையை நீயே பிடித்துக்கொள்.

உன் வீட்டுக்காரன்