செயின் வண்டி ஏறிய வரப்பு

மச்சான்,

இன்று பத்தாம் வகுப்பில் இரண்டாம் உலகப் போரை ஆரம்பித்தேன். ஜன்னல் வழியே டீசல் வாடை வந்தது. பள்ளிக்குப் பின்னால் நெல் அறுக்க, டயருக்குப் பதில் டாங்கி மாதிரிப் பட்டைச் சங்கிலியில் ஓடும் செயின் வண்டி இறங்கியிருந்தது. ஓட்டுகிறவன் நீயாக இருக்க முடியாது என்று தெரிந்தும் எட்டிப் பார்த்தேன். நீ கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது, எனக்குத்தான் புத்தி வரவில்லை.

நீ இருந்த கடைசி வருஷமும் இதே பாடம்தான். "டாங்கி எப்டி சார் அவ்ளோ வேகமா பூந்துச்சி?" என்று பிள்ளைகள் துளைத்தார்கள். புத்தகத்தில் இருந்தது ஒரே வரி. உன்னிடம் வந்து புலம்பினேன்.

"இதுக்கா மூஞ்ச தூக்கி வெச்சினு இருக்கற? பசங்கள இட்டுக்கினு வா, சேத்துல காட்டறேன்."

பள்ளிக்குப் பின்னால், டயர் வண்டி புதைந்துபோகும் சேற்றில் உன் வண்டி சிரமமில்லாமல் போனது. நான் தொண்டை கிழியக் கத்தினேன். டாங்கிகள் ஒரே இடத்தில் மொத்தமாக உடைத்துப் புகும், எதிரி சுதாரிப்பதற்குள் அவன் முதுகுக்குப் பின்னால் போய்விடும், எண்ணெய் லாரி பின்தங்கினால் அப்படியே நின்றுவிடும் என்றெல்லாம். பிள்ளைகள் கைதட்டினார்கள். உனக்குத் தலைகால் புரியவில்லை. "தோ பாரு!" என்று வரப்பின்மேல் ஏற்றிவிட்டாய்.

வரப்பு உடைந்தது. நட்டுப் பத்து நாளான மேல் கழனியின் தண்ணீர் கீழே கொட்டியது. ஓரத்து நாற்றெல்லாம் செயினுக்கடியில் நசுங்கிவிட்டது.

கைதட்டாமல் நின்றவள் ஒருத்திதான். "அது எங்க குத்தக கழனி சார்," என்றாள். பிறகு, அழாமல், "அந்தப் போர்லயும் டாங்கி கழனி மேலதான போயிருக்கும்? அது யார்து சார்?" என்று கேட்டாள்.

நீ இன்ஜினை அணைத்துவிட்டுக் குதித்தாய். மண்வெட்டி வாங்கி வரப்பைக் கட்டினாய். மறுநாள் உன் கழனியிலிருந்தே நாற்றைப் பிடுங்கி வந்து, அவள் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டே நட்டாய்.

"நாத்துக்கு நான் பதில் சொல்ட்டேன். அந்தப் பொண்ணு கேட்டதுக்கு நீ சொல்லு, வாத்தியாரே," என்றாய்.

இன்னும் சொல்லவில்லை மச்சான். தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் வரைபடத்தில் டாங்கி போன வழிக்கு அம்புக்குறி போடும் முன், இது யார் கழனிமேல் போகிறது என்று கேட்காமல் சாக்பீஸை வைப்பதில்லை.

இன்றும் கேட்டேன். "புக்ல பேர் இல்லியே சார்," என்றான் ஒருவன்.

ஜன்னல் வழியே அந்த வரப்பைக் காட்டி, அது உடைந்த கதையை உன் பேரைச் சொல்லி ஆரம்பித்தேன்.