காப்பி வந்த நேரம்

நவம்பர் 4, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. குடையில் ஒரு கம்பி ஒடிந்துவிட்டது. நோயாளிகளை வீட்டில் போய்ப் பார்க்கிற நாள். பாளையிலிருந்து கிளம்பவே ஒன்பதரை. செல்வின் லேட், பழி பஸ் மேல்.

வாங்க: பாப்பாவுக்கு ரெக்கார்டு நோட்டு, உளுந்து, குடைக்கம்பி சரி செய்ய ஆள்.

சேரன்மகாதேவி, முத்தையா அண்ணாச்சி வீடு. (இனி மு.அ.) இது ஆறாவது தடவை. ரைஸ்மில்லில் முப்பது வருஷம் உமித்தூசி, கூடவே பீடி. நுரையீரல் இரண்டும் சல்லடை. ஆகஸ்டில் எங்கள் ஆஸ்பத்திரி ஆக்ஸிஜன் மெஷினை வீட்டுக்கே கொடுத்தோம். மூக்கில் குழாய், காற்றின் அளவு வைக்கிற திருகு இரண்டில்.

டாக்டர் அடிக்கடி சொல்வது: இந்த நோய்க்கு ஒரு டாக்டர் போதாது, நாலு பேர் நாலு பக்கம் பிடிக்க வேண்டும். அவர், நர்ஸ் நான், பிசியோ செல்வின், மருந்துக்கு ரஹ்மத். இன்று டாக்டர் வரவில்லை, வார்டில் கூட்டம்.

செல்வின் மு.அ.வை நடக்க வைத்தான். வாசலிலிருந்து ஆற்றுப் படித்துறை வரைக்கும் எட்டு வைத்து நடந்தால் நூற்றி இருபது. பொங்கலுக்குள் நடந்துபோய் ஒரு முங்கு போட்டே தீருவேன் என்கிறார். இன்று எண்பத்தி நாலு. போன மாதம் நாற்பது! "லே செல்வினு, மிச்சத்தையும் நடந்துட்டா ஒன்னையும் ஆத்துல தள்ளிருவேன் பாத்துக்க" என்றார், மூச்சு வாங்கி வாங்கி. சிரித்தோம்.

ரஹ்மத் மாத்திரை டப்பா பார்த்தாள், சரி. நான் திருகைப் பற்றித் திரும்பவும் சொன்னேன். இரண்டுக்கு மேல் வைத்தால் இவர் உடம்பு மூச்சை மெத்தனமாக விட ஆரம்பிக்கும், கெட்ட காற்று ரத்தத்தில் தங்கும், தூக்கம் தூக்கமாக வரும், நல்ல தூக்கம் என்று நினைத்துவிடக்கூடாது. மு.அ. தலையாட்டினார். திருப்பூரிலிருந்து மகன் மாடசாமியும் போனில் வீடியோவில் தலையாட்டினான். நல்ல பையன், ஒவ்வொரு தடவையும் லீவு சொல்லிவிட்டு வருகிறான், போனிலாவது.

முடிக்கிற நேரம் பேச்சியம்மாள் காப்பி கொண்டுவந்தாள். மு.அ. சம்சாரம். சுக்குக் காப்பி, முறுக்கு. "மழைல நனைஞ்சு வந்திருக்கீய. குடிக்காம போவக்கூடாது." இந்த வீட்டுக் காப்பிக்காகவே வரலாம். அவ்வளவு பக்குவம்.

வீட்டுக்குப் போய்வந்ததைக் குறிக்கிற நீலப் புத்தகத்தில் எல்லாக் கட்டத்திலும் டிக்.

நவம்பர் 6, வியாழன்

வாராந்திரக் கூட்டம். சென்னையிலிருந்து ஆட்கள் வரப்போகிறார்களாம், நாங்கள் எப்படிச் சேர்ந்து வேலை பார்க்கிறோம் என்று பார்க்க. டாக்டர் நீலப் புத்தகத்தில் மு.அ. பக்கத்தை எடுத்துக் காட்டினார். "சிஸ்டர், அவங்ககிட்ட இதை நீங்களே சொல்லுங்க." எனக்குத் தலைகால் புரியவில்லை. என்ன சேலை கட்டுவது என்று யோசித்துக்கொண்டே உளுந்து வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நவம்பர் 8, சனி

காலை ஏழு. இட்லித் தட்டை இறக்கும்போது போன். பேச்சியம்மாள். பதற்றமே இல்லை குரலில்.

"எம்மா, அவிய எந்திக்க மாட்டேங்காவ. ரெண்டு நாளா நல்ல உறக்கம். இத்தனை வருசத்துல இப்படி உறங்கிப் பாத்ததில்ல. காப்பி ஆறுது, எழுப்பவா வேண்டாமானு கேக்கத்தான் பண்ணுதேன்."

திருகு எத்தனையில் இருக்கிறது என்று கேட்டேன்.

"அஞ்சுல."

கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. பிறகு, இரண்டுக்குக் கொண்டுவரச் சொன்னேன், அணைக்க வேண்டாம் என்றேன், நூற்றி எட்டுக்கு நானே அடித்தேன்.

ஒன்பதேகாலுக்கு வார்டு. தட்டினால் கண் திறக்கவில்லை. ரத்தத்தில் கெட்ட காற்று ஏறிக் கிடக்கிறது. முகத்தில் இறுக்கி மாஸ்க் போட்டு, மூச்சைத் தள்ளிவிடுகிற மெஷினில் மாட்டினோம். இடது பக்கம் சளியும் கட்டியிருக்கிறது.

பேச்சியம்மாள் வராந்தா பெஞ்சில். கையில் தூக்குவாளி, அவர் எழுந்தால் குடிக்க. தானாகவே சொன்னாள்:

"வியாழக்கெழமை சாயந்திரம் குளிருல கெடந்து மூச்சு இழுத்தாவ. ரெண்டு மட்டும் குடுத்தா மனுசனுக்கு எப்படிக் காணும்? சோறு போட்டா காணும்னு சொல்லுத வரைக்கும் போடணும்லா. பையத் திருப்புனேன். மூணுல வச்சேன், நாலுல வச்சேன். அஞ்சுல வச்சதும் என்னயப் பாத்துச் சிரிச்சாவ."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எத்தனை தடவை சொன்னோம் என்று கேட்டே விட்டேன்.

"எங்கிட்ட யாரு சொன்னா? நான் அடுக்களைல உங்களுக்குக் காப்பி போட்டுக்கிட்டுல்லா இருப்பேன்."

குற்றம் சொல்லவில்லை அவள். உள்ளதைச் சொன்னாள். நான் மாஸ்க்கைச் சரிபார்க்கப் போவதுபோல் உள்ளே போய்விட்டேன். அது சரியாகத்தான் இருந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. டியூட்டி இல்லை, ஆனாலும் வார்டு. மதியம் ஒரு தடவை கண் திறந்தார். செல்வினும் வந்திருந்தான், லீவு நாளில், சட்டை இஸ்திரி போடாமல். "அண்ணாச்சி, இன்னும் முப்பத்தாறு எட்டுதான் பாக்கி" என்றான் காதுக்குப் பக்கத்தில். கண் மூடிவிட்டது. கேட்டதோ என்னவோ.

மாடசாமி வந்து சேர்ந்துவிட்டான். அம்மாவிடம் எதுவும் கேட்கவில்லை. என்னிடமும்.

ஜெபம் செய்ய உட்கார்ந்தவள், பாதியில் எழுந்து வார்டுக்குப் போன் பண்ணினேன்.

நவம்பர் 10, திங்கள்

மு.அ. போய்விட்டார். பகல் பதினொன்று இருபது. வெளியே வெயில், இத்தனை நாள் மழைக்குப் பிறகு.

குழாயை எல்லாம் கழற்றி முகம் துடைத்துவிட்டேன். மாஸ்க் அழுத்திய தடம் மூக்கின் மேல் போகவே இல்லை.

பேச்சியம்மாள் அழவில்லை. என் கையைப் பிடித்துக் கேட்டாள். "நான் திருப்புனதுனாலயா தாயி?"

"இல்லம்மா. சளி. நெஞ்சுல சளி கட்டிட்டு."

டாக்டரும் அதைத்தான் எழுதியிருக்கிறார், சளியும் ஒரு காரணம், ஒன்றின் மேல் மட்டும் போட முடியாது என்று. ஆகவே நான் சொன்னது முழுப் பொய் இல்லை. இதை இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன். பொய்தான். அவளுக்காகச் சொன்னேனா, எனக்காகவா?

பாப்பா கேட்கிறாள், ஏம்மா சாப்பிடலை. தலைவலி என்றேன். இன்று இரண்டாவது பொய்.

நவம்பர் 13, வியாழன்

கூட்டம். நீலப் புத்தகம் மேஜையில். யாரும் திறக்கவில்லை, நான் திறந்தேன். "வீட்டாருக்கு விளக்கப்பட்டது." ஆறு டிக். ஆறும் என் கையெழுத்து.

செல்வின் கேட்டான்: "அக்கா, வீட்டார்னா யாரு?"

ரஹ்மத் அழுதாள். டாக்டர், இது யார் ஒருத்தர் தப்பும் இல்லை என்றார். நல்ல மனுஷர். ஆனால் நாலு பேர் தப்பு என்றால் நாலாகப் பிரிந்து லேசாகிவிடுமா? எனக்கு என் பங்கு முழுசாகத்தான் கனக்கிறது.

இரவு பகல் அந்தத் திருகுக்குப் பக்கத்தில் இருந்தவள் அவள் ஒருத்தி. நோயாளிக்குச் சொன்னோம். திருப்பூரில் இருக்கிறவனுக்குச் சொன்னோம். அவள் தட்டோடு வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, காப்பி பிரமாதம் என்றோம். ஆறு தடவையும் குடித்தேன். ஒரு தடவையாவது, காப்பி கிடக்கட்டும், வந்து உட்காருங்க என்று என் வாயில் வந்திருக்கக் கூடாதா. நானும் பொம்பளைதானே. என் வீட்டுக்கு ஆள் வந்தால் நானும் அடுக்களையில்தானே நிற்கிறேன்.

சென்னை ஆட்கள் அடுத்த வாரம் வருகிறார்கள். நான் பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 18, செவ்வாய்

மழை திரும்பவும். பேச்சியம்மாள் போன் பண்ணி, மெஷினை எடுத்துக்கிட்டுப் போங்க, யாருக்காவது ஆகும் என்றாள். பதினாறாம் நாள் விசேஷம்கூட இன்னும் கழியவில்லை, இப்போது வேண்டாம் என்றேன். "சும்மா இருக்குல்லா, பாக்க முடியல" என்றாள். முக்கூடலில் ஒரு நோயாளி மெஷினுக்காகக் காத்திருப்பதும் உண்மை. நானும் செல்வினும் போனோம்.

மெஷினைத் துடைத்து, குழாயைக் கழுவிச் சுருட்டி, பழைய சேலைத்துணி போட்டு மூடி வைத்திருந்தாள். துணியை எடுத்தேன். திருகு இரண்டில். அதைச் சுற்றிச் சிவப்பு நூலால் இறுக்கிக் கட்டு, மேலே பிளாஸ்திரி. அசைக்கவே முடியவில்லை.

நான் நிமிரவில்லை. அவளே சொன்னாள்.

"அன்னைக்குப் போன்ல நம்பரக் கேட்டுட்டுப் பேசாம இருந்தீயள்லா, அப்பமே தெரிஞ்சுட்டு. ஆசுபத்திரில நீங்க சளிதான்னு சொன்னதும் சரின்னுட்டேன். பாவம், நீங்களும் என்ன செய்வீய."

என்னைப் பாவம் என்கிறாள்.

"இத வாங்குத வீட்டுல, அடுக்களைல இருக்கவளயும் கூப்புட்டுச் சொல்லிருங்க தாயி. அவளுக்குத் தெரியாது. மூச்சு இழுத்தா பாத்துக்கிட்டு இருக்க மாட்டா."

சரி என்றேன்.

"இருங்க, ஒரு வாய் காப்பி" என்று எழுந்தாள். வேண்டாம் உட்காருங்க என்றேன். கேட்கவில்லை. பின்னாலேயே போனேன். இந்த வீட்டு அடுக்களைக்குள் முதல் தடவை. குறுகல், ஒரு ஆள்தான் நிற்கலாம். நான் நிலைப்படியில் சாய்ந்து நின்றேன். அவள் சுக்கைத் தட்டினாள், அடுப்பு சீறியது, தகரக் கூரை மேல் மழை.

அங்கிருந்து பார்த்தால் மு.அ. கட்டில் நேரே தெரிகிறது. கட்டில் பக்கத்தில் நின்று செல்வின் மாடசாமியிடம் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். வாய் அசைகிறது. ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.