மணியண்ணன் தவறவிட்ட தேதி

மார்ச் 3

அன்புள்ள வாயாடிக்கு,

நேற்று உன் அப்பன் ஒரு கல்லூரியையே பத்து நிமிஷம் முன்னதாக வீட்டுக்கு அனுப்பிவிட்டான். மாடிப்படிக்குக் கீழே ஸ்டூலில் உட்கார்ந்து, உனக்கு வந்த கடிதத்தை நாலாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தேன். கை தானாகப் போய் மணிப் பொத்தானை அமுக்கிவிட்டது. வகுப்பெல்லாம் காலி. ஹெட்கிளார்க் ஓடி வந்தார். "ஏன்யா, உனக்கு வீட்டுக்குப் போகணும்னா லீவு எழுதிக் குடு. காலேஜையே ஏன்யா கூட்டிக்கிட்டுப் போற?" என்று ஒரு பிடி பிடித்தார். இருபத்து மூன்று வருஷமாக ஒரு நிமிஷம் பிசகாதவன் என்று வாங்கிய பெயர் ஒரே அமுக்கில் போயிற்று. பையன்கள்தான் "மணியண்ணன் வாழ்க" என்று கத்திக்கொண்டே போனார்கள்.

விஷயம் இதுதான். அந்தத் தூரத்துப் பல்கலைக்கழகத்தில் வானிலைப் படிப்புக்கு உனக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். கூடவே ஒரு ஒப்புதல் சீட்டு. அதில் நான் கையெழுத்துப் போட்டு, மார்ச் 31க்குள் அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு. ஒன்றரை நாள் ரயிலாம். மழை வருமா வராதா என்று சொல்ல நாலு வருஷப் படிப்பா? என் முழங்கால் அதைச் சும்மாவே சொல்கிறதே.

எங்கள் கல்லூரியிலும் கேட்டுவைத்தேன். ஊழியர் பிள்ளைக்கு இடம் உண்டு. வானிலை கிடையாது, கணக்கு எடுக்கலாம். வீட்டிலிருந்தே வந்து போகலாம். ஒரே சங்கடம், நீயும் எல்லாரையும் போல என்னை மணியண்ணன் என்று கூப்பிட வேண்டியிருக்கும்.

எது என்று நீயே முடிவு பண்ணு. இத்தனை வருஷம் கல்லூரிக்குப் போயும் பாஸாகாதவனிடம் யோசனை கேட்காதே. பரீட்சை முடியும்வரை விடுதியில் போன் தர மாட்டார்களே, அதனால் கடிதமாகவே எழுது.

பத்து நிமிஷம் முந்திய
அப்பா


மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். "உங்கப்பாவ நம்ம ஸ்கூலுக்கு மணியடிக்க வரச் சொல்லுடி" என்கிறார்கள்.

அப்பா, எனக்குப் போக ஆசை. பொய் சொல்ல மாட்டேன். ஆறாம் வகுப்பில் மொட்டைமாடியில் பாட்டிலை வைத்து மழையை அளந்தேனே, அன்றிலிருந்து ஆசை. அம்மாகூட, "இவ மேகத்துக்கே வாக்கப்பட்டுப் போகப்போறா" என்பாள்.

ஆனால் போன விடுமுறைக்கு வந்தபோது பார்த்தேன். சமையலறையில் ஒரே ஒரு தட்டுதான் கழுவி வைத்திருந்தது. மற்றதெல்லாம் தூசி படிந்து அலமாரியில். அம்மா போன பிறகு, தட்டில் கையை வைத்தபடி நீங்கள் அப்படியே உட்கார்ந்துவிடுகிறீர்கள். நான் கூப்பிட்டால்தான் திரும்புகிறீர்கள். அதை நினைத்தால், படிப்பே வேண்டாம், நம் ஊரிலேயே ஏதாவது வேலை பார்த்துக்கொண்டு உங்களோடு இருந்துவிடலாம் என்றும் தோன்றுகிறது.

அதனால் ஒன்று கேட்கிறேன். கிண்டல் இல்லாமல் பதில் எழுதுங்கள். நான் இருக்கணுமா? 'இரு' என்று ஒரே ஒரு வார்த்தை எழுதுங்கள். மனக்குறை இல்லாமல் இருப்பேன். உங்கள் கல்லூரியிலேயே கணக்குப் படிப்பேன். அப்படி எழுத மனமில்லை என்றால் சீட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள்.

உங்கள்
வாயாடி


மார்ச் 15

அன்புள்ள வாயாடிக்கு,

கிண்டல் கூடாது என்றால் எனக்குக் கையே ஓடாது. ஆனாலும் எழுதுகிறேன். நான் என்ன பச்சைப் பிள்ளையா, பக்கத்தில் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ள? ஒரு தட்டு என்றால் கழுவுவது சுலபம். சோம்பேறிக்கு அதைவிட என்ன வேண்டும்?

சீட்டில் கையெழுத்துப் போட்டாயிற்று. கோழி கிளறின மாதிரிதான் இருக்கிறது, இருந்தாலும் என்னுடையதுதான். நாளைக்கே தபாலில் சேர்த்துவிடுகிறேன்.

அங்கே குளிர் அதிகமாம். ஒரு கம்பளிச் சட்டை வாங்கப் போனேன். கடைக்காரம்மா, "உங்க பொண்ணு எவ்வளவு உயரம் இருக்கும்?" என்றாள். கையைத் தூக்கிக் காட்டினேன். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் பத்து வயசுப் பிள்ளை சட்டை. நாளைக்கு மாற்றிவிடுகிறேன்.

போ, கண்ணு. அந்த மழையை ஒரு கை பார்த்துவிட்டு வா.

உன்
அப்பா


ஏப்ரல் 11

அப்பாவுக்கு,

பல்கலைக்கழகத்திலிருந்து வார்டனுக்கு எழுதியிருக்கிறார்கள். சீட்டு வந்து சேரவில்லை. என் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

வார்டன் உங்களுக்குப் போன் செய்தாராம். "மறந்துட்டேன்மா, சட்டைப் பையிலேயே கிடந்துடுச்சு" என்று சொன்னீர்களாம்.

கடிகாரம் பார்க்காமலே மணி சொல்வீர்களே, அப்பா.

பதினெட்டாம் தேதி வருகிறேன். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். உங்கள் கல்லூரியிலேயே சேர்ந்துகொள்கிறேன். கம்பளிச் சட்டையைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மகள்


ஆகஸ்ட் 19

அன்புள்ள வாயாடிக்கு,

அடுத்த அறையில் இருப்பவளுக்குக் கடிதம் எழுதுகிற கிறுக்கன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். என்ன செய்வது? நாலு மாதமாக நம் வீட்டில் புழங்குகிற பேச்சு மூன்றுதான். "சாப்பாடு இருக்கு." "சாவி எங்க?" "வரேன்." நான் ஏழரை பஸ்ஸில் போகிறேன். காலியாகப் போகிற அந்த பஸ்ஸை நீ விட்டுவிட்டு, எட்டேகால் பஸ்ஸின் நெரிசலில் தொங்கிக்கொண்டு வருகிறாய்.

இன்றைக்குக் காலையில் நாலு பெண்களோடு மாடிப்படி அருகே வந்து நின்றாய். "மணியண்ணே, கணக்கு கிளாஸ் எந்த ரூம்?" என்றாய். நானும், "மாடியில, பன்னெண்டாம் நம்பரும்மா" என்றேன். ஒன்றரை மாதமாக அதே அறைதான். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கூட வந்த பெண் "தேங்க்ஸ்ணே" என்றாள். மார்ச் மாதம் கடிதத்தில் நான் அடித்த கிண்டல்தான், குற்றம் சொல்ல ஆளில்லை. திரும்பிப் பொத்தானை அமுக்கினேன்.

நான் மறக்கவில்லை. உனக்கு அது அன்றைக்கே தெரியும். பதினாறாம் தேதி தபால்பெட்டி முன்னால் நின்றேன். உறை பாதி உள்ளே போய்விட்டது. பின்னால் நின்றவர், "போடுறீங்களா, இல்ல வேடிக்கை பாக்குறீங்களா?" என்றார். "நீங்க போடுங்க" என்று வெளியே எடுத்துக்கொண்டு விலகிவிட்டேன். அப்புறம் தினமும் போனேன், தினமும் விலகினேன். முப்பத்தொன்றாம் தேதி கடைசி மணியை நொடி பிசகாமல் அடித்தேன். உறை சட்டைப் பையில்தான் இருந்தது.

அடுத்த வருஷத்து விண்ணப்பம் வந்திருக்கிறது. என் கையெழுத்து வேண்டிய இடத்திலெல்லாம் போட்டுவிட்டேன். இதோடு சேர்த்து உன் கணக்குப் புத்தகத்தில் வைக்கிறேன். நீயே கொண்டுபோய்ப் போடு. மறந்தும் என் கையில் கொடுக்காதே. கம்பளிச் சட்டையை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. உன் அளவுக்கு மாற்றி, அம்மா பெட்டியில் வைத்திருக்கிறேன்.

மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. நீ கேட்ட ஒரு வார்த்தையை நான் சொல்லியிருந்தால் உன் சம்மதத்தோடு இருந்திருப்பாய். பெரிய மனுஷன் மாதிரி 'போ' என்று எழுதிவிட்டு, உன்னைத் திருடி வைத்துக்கொண்டேன்.

மார்ச்சில் உனக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது, முதலில் வேறொரு தாளில்தான் எழுதினேன். எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டேன். அதில் இருந்தது இவ்வளவுதான்:

இரு, கண்ணு. இந்த வீட்டில் தனியாக இருக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

அப்பா